அடுப்படியில் தாதி அக்கா: இந்த மாதம் பாவக்காய்க் கடிதங்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக் கொல்லையில் பாவக்காய்ப் பந்தல் போட்டிருக்கிறேன், எனக்கும் பதினேழு வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறது என்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது. இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாவக்காய். தோசை மாவு ஏன் பொங்கவில்லை என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் 28 வருடம் சமூகத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். சமையல் கற்றுக்கொண்டது தோட்டத்து லயத்து வீட்டில், அம்மாவிடம்.

என் மாமியாருக்கு வயது 64. பாவக்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, மூன்று மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடிக்கிறார். மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். போன வாரம் கிளினிக்கில் எச்பிஏ1சி 10.2, ரொம்ப அதிகம் என்றார்கள். நான் சொன்னால், "நீ என்ன டாக்டரா?" என்கிறார். நீங்கள் எழுதினால் கேட்பார்.
— மருமகள் ஒருவர், குவாலா கங்சார்

இந்தப் பக்கத்தை அத்தை கையிலேயே கொடுத்துவிடுங்கள், தங்கச்சி. இனி நான் அவரோடுதான் பேசப்போகிறேன்.

அம்மா, உங்களுக்கும் எனக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். எச்பிஏ1சி என்பது அன்றைக்குக் காலையில் இருந்த சீனியின் கணக்கு இல்லை. கடந்த இரண்டு மூன்று மாதமாக இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்று காட்டும் கணக்கு. நீங்கள் சாறு குடித்ததும் மூன்று மாதம்தான். சாறு என்ன வேலை செய்தது என்பதற்கு அந்த 10.2க்கு மேல் சாட்சி வேண்டுமா?

பாவக்காயில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சரன்டின் என்ற பொருள் இருக்கிறது, இன்சுலின் மாதிரி வேலை செய்யக்கூடிய ஒரு புரதமும் இருக்கிறது. எலியிடம் சோதித்துப் பார்த்தபோது சீனி இறங்கியது. ஆனால் நீங்களும் நானும் எலி இல்லையே. தாய்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு வாரம் பாவக்காய்ப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் இறங்கியது. மெட்ஃபார்மின் 1,000 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு அதைவிட நன்றாகவே இறங்கியது. 2012இல் நம் மலேசிய ஆய்வாளர்களே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்புக்காக 4 ஆய்வுகளை, மொத்தம் 479 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இனிப்பு நீருக்குப் பாவக்காயை மருந்தாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது என்பதுதான் அவர்கள் முடிவு.

இப்போது என் கதை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு இனிப்பு நீர் வந்து நாலாவது வருடம். அப்போது கிளிகிளசைடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் தாதி, தன் வீட்டில் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பெரிய கிளாஸில் பாவக்காய்ச் சாறும் குடித்துவிட்டு, "வந்து பசியாறிக்கலாம்" என்று பசாருக்கு நடந்தாள். மீன் கடை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. கெம்போங் மீனை எடுத்துப் பார்க்கும்போது விரல் நடுங்கியது. பிறகு உதடு மரத்துப்போனது. முதுகில் வேர்வை ஓடியது, வெயில்கூட இன்னும் ஏறவில்லை. வாயில் வார்த்தை குழறியதைப் பார்த்து, பக்கத்து ஒட்டுக்கடைக்காரர்தான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். அவருடைய அப்பாவுக்கும் இனிப்பு நீராம். ஒன்றும் கேட்கவில்லை. கட்டிப்பாலை இரண்டு கரண்டி விட்டு, தேத்தண்ணியைக் கலக்கி, வாயில் வைத்துக் குடிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து விரலில் குத்திச் சீனியைப் பார்த்தபோதுகூட மில்லிமோல் கணக்கில் 3.6தான் இருந்தது. அங்கே விழும்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தப்பு சாறு மட்டும்தானா? இல்லை. கிளிகிளசைடைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தது முதல் தப்பு, அதன் மேல் சாறு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சீனி இப்படி மளமளவென்று விழுவது அரிது. கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். 4க்குக் கீழே போய்விட்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் "எனக்கு இனிப்பு ஆகாது" என்று யாரும் பத்தியம் பேசக் கூடாது.

ஆக, அம்மா, மெட்ஃபார்மினை மறுபடி ஆரம்பிப்பது பற்றி நாளைக்கே கிளினிக்கில் போய்ப் பேசுங்கள். வயிற்றைக் கலக்குகிறது என்றுதான் நிறுத்தினீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார், இல்லை வேறு விதமான மாத்திரை இருக்கிறது. சாறு வேண்டாம். காயைக் காயாகச் சாப்பிடுங்கள். எப்படி என்று அடுத்த கடிதத்தில் இருக்கிறது. மருமகளைத் திட்டாதீர்கள், அந்தப் பெண் உங்கள் மேல் இருக்கும் அக்கறையில்தான் எழுதியிருக்கிறது.

பாவக்காய் சமைத்தால் பிள்ளைகளை விடுங்கள், இனிப்பு நீர் இருக்கிற என் வீட்டுக்காரரே தொட மாட்டார். அம்மா வீட்டில் வெல்லம் போட்டுப் புளிக்குழம்பு வைப்போம். வெள்ளைச் சீனிதான் கெடுதல், கூலா மலாக்கா பரவாயில்லை என்கிறார்களே, அதைப் போடலாமா?
— வாசகி, ரந்தாவ்

கூலா மலாக்காவும் சீனிதான், தங்கச்சி. தென்னம் பாளையிலிருந்து இறக்கியதால் கணையத்துக்குச் சொந்தக்காரன் ஆகிவிடாது. மணம் நன்றாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வெல்லம், பனைவெல்லம், தேன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இனிப்பு நீருக்கு என்று பாவக்காயை வாங்கி வந்து, அதில் ஒரு கட்டி வெல்லத்தைப் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதை.

கசப்பைக் குறைக்க வழி காயை வாங்குவதிலேயே இருக்கிறது. பசாரில் இரண்டு விதம் பார்த்திருப்பீர்கள். நீளமாக, வெளிர்ப் பச்சையாக, மேலே மழமழவென்று அகலமான வரப்போடு இருப்பது ஒன்று. கரும்பச்சையில் முள்ளு முள்ளாக இருப்பது இன்னொன்று. வீட்டுக்காரருக்கு முதலில் வெளிர்ப் பச்சைக் காயை வாங்குங்கள், கசப்பு குறைவு. தவளை மாதிரிக் குட்டையாக, பெரியா காத்தாக் என்று மலாய்க்காரர்கள் விற்பார்களே, அது நம் ஊர் மிதிபாவக்காய்க்குச் சொந்தம். அதை அவர் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் செய்வது நெத்திலிப் பிரட்டல். நாலு பேருக்கு நடுத்தரக் காய் இரண்டு. நீளவாக்கில் பிளந்து, தேக்கரண்டியின் விளிம்பால் விதையையும் பஞ்சையும் ஒரே இழுப்பில் வழித்து எடுங்கள். பிறகு அரைவட்டமாக, சீட்டுக்கட்டு அட்டை இரண்டு சேர்த்த கனத்துக்கு மெல்லிசாக நறுக்குங்கள். தடியாக நறுக்கினால் உப்பும் ஏறாது, காரமும் ஏறாது, கசப்பு மட்டும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கை நிறைய அள்ளிப் பிழிந்தால் பச்சையாக, கொஞ்சம் நுரையோடு தண்ணீர் இறங்கும். கசப்பில் பாதி அதில் போய்விடும். பிழிந்த காயை ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசி மறுபடி பிழியுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் அந்த உப்பு அத்தனையும் வயிற்றுக்குள் போகும். இனிப்பு நீர் இருக்கும் வீட்டில் இரத்த அழுத்தமும் குடியிருப்பது வழக்கம்.

நெத்திலி ஒரு கைப்பிடி. தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் பிளந்து, இரண்டு தடவை கழுவி உலரவிடுங்கள். அதற்கும் உப்பு உண்டு என்பதால் சமையலில் நான் தனியாக உப்புப் போடுவதே கிடையாது. குவாலி காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். அது நாலு பேருக்குப் போதும், பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள். நெத்திலியைப் பொன்னிறமாக்கி எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம். வெங்காயம் ஓரத்தில் சிவக்க ஆரம்பித்ததும் பாவக்காய், ஒரு சிட்டிகை மஞ்சள். நெருப்பைக் குறைக்கக் கூடாது, மூடி போடக் கூடாது. மூடினால் ஆவியில் அவிந்து சவசவவென்று ஆகிவிடும், அப்புறம் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம். ஓரம் லேசாகக் கருகி நெளியும் வரை பிரட்டி, நெத்திலியைக் கொட்டி, இறக்கிய பிறகு லீமாவ் காஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை இரண்டைப் பிழியுங்கள். அந்தப் புளிப்பும் நெத்திலியின் உப்பும் சேர்ந்து கசப்பை ஓரமாக உட்காரவைக்கும்.

இதற்கும் அவர் முகம் சுளித்தால், பிழிந்த காயை வதக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். என் பக்கத்து வீட்டுச் சீன அக்கா உப்பு முட்டையில் செய்வார். ருசி பிரமாதம், உப்பும் பிரமாதம், மாதத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் முக்கிப் பொரித்த பாவக்காய் வறுவலைப் பற்றிக் கேட்காதீர்கள். எனக்கும் பிடிக்கும், அதனால்தான்.

நாங்கள் பால்மரம் வெட்டிய காலத்தில் காலையில் பழைய சோறும் கருவாடும், மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. இனிப்பு நீர் என்ற பேச்சே தோட்டத்தில் கிடையாது. இப்போது கிளினிக்குக்குப் போனால் சோற்றைக் குறை, பாவக்காய் தின்னு என்கிறீர்கள். சோறு தின்றா நோய் வந்தது?
— 78 வயது வாசகர், எல்பில் தோட்டத்துப் பக்கம்

ஐயா, உங்கள் கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கிறது. சண்டைக்கு வந்த கடிதம் என்றாலும் இரண்டு தடவை படித்தேன்.

விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, நானூறு ஐந்நூறு மரத்துக்கு ஒவ்வொன்றாக நடந்து, குனிந்து, நிமிர்ந்து வெட்டி, பிறகு அதே மரங்களுக்குத் திரும்பிப் போய் மங்குப் பாலை வாளியில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பு போட்டுத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவீர்கள். என் அம்மாவும் அதைச் செய்தவர்தான். அந்த உடம்புக்குள் போன சோறு மத்தியானத்துக்குள் எரிந்து போனது. இப்போது தோட்டமெல்லாம் செம்பனை, நாமெல்லாம் தாமான் வீட்டில். கடைக்குப் போக மோட்டார், கோயிலுக்குப் போகக் காடி. கால் ஓய்ந்துவிட்டது, தட்டு மட்டும் ஓயவில்லை.

அந்தக் காலத்தில் நோயே இல்லை என்பதையும் நான் முழுக்க நம்பவில்லை. யார் குத்திப் பார்த்தார்கள்? என் பெரியப்பாவுக்குக் காலில் முள்ளுக்கம்பி குத்திய புண் எட்டு மாதம் ஆறவில்லை. கடைசியில் பெருவிரலை எடுத்தார்கள். "கம்பி விஷம்" என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவார், கொல்லையில் அவர் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். நான் தாதிப் படிப்புக்குப் போய், வகுப்பில் அந்த அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்த அன்றைக்குத்தான் பெரியப்பாவின் கால் கண்முன் வந்து நின்றது.

2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நம் இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்த பந்தியில் மூன்று பேர், ஐயா. சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது எத்தனை மரம் வெட்டுகிறீர்களோ அந்த அளவுக்குச் சாப்பிடுங்கள்.

மகள் ஆறு மாதக் கர்ப்பம். சீனித் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதித்ததில் கர்ப்பகால இனிப்பு நீர் என்றார்கள். பாவக்காய்ச் சாறு கொடுக்கலாமா? மாத்திரை கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், கூலிம்

கொடுக்கவே கூடாது. சாறு, பொடி, கேப்சூல், விதை, எதுவும் வேண்டாம். மருந்தாக எடுக்கும் பாவக்காய் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இயற்கைதானே என்று நினைக்காதீர்கள், எட்டிக்காயும் இயற்கைதான். டாக்டர் கொடுக்கும் மருந்துக்குப் பயப்படாமல், கட்டுப்படாத சீனிக்குத்தான் பயப்பட வேண்டும். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் கஷ்டமாவது அதனால்தான். இன்சுலின் போடச் சொன்னால் போடட்டும்.

விதை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) சோதனை செய்வார்கள். குறை இருந்தால் ஃபாவா அவரை ஆகாது, அந்துருண்டை ஆகாது என்று சொல்லி அனுப்புவார்கள். பாவக்காய் விதையில் இருக்கும் வைசின் என்ற பொருள் அந்த அவரையிலும் உண்டு. வீட்டில் யாருக்காவது ஜி6பிடி குறை இருந்தால் விதையோடு அரைக்கும் சாற்றை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

செம்பனை ஆலையில் மூன்று ஷிஃப்ட் வேலை. வீட்டுச் சாப்பாடு அபூர்வம். மலாய்க் கடையில் பாவக்காய்ப் பிரட்டல் கிடைக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் சோறு வழக்கம்போலச் சாப்பிடலாமா?
— வாசகர், பாகான் டத்தோ

தம்பி, நீங்கள் கேட்டதில்தான் எல்லோருடைய தப்பும் இருக்கிறது. பாவக்காய் சோற்றை அடித்துத் துரத்தும் என்று நினைக்கிறோம். அது வேலை செய்யும் விதமே வேறு. வெந்த சோறு ஒரு கப்பில் மாவுச்சத்து ஏறக்குறைய 45 கிராம். பாவக்காய் 100 கிராமில் 4 கிராம்கூட இல்லை. அதனால் சோற்றின் மேல் பாவக்காயை வைத்தால் ஒன்றும் குறையாது. சோறு இருந்த இடத்தில் பாவக்காயை வைத்தால்தான் குறையும். சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு-சுக்கு செபாரு கணக்கு அதுதான்: தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ. கடையில் தட்டை நீட்டும்போது முதலில் காய்கறிப் பக்கம் போய்ப் பாதியை நிரப்பிவிட்டு, பிறகு சோற்றுப் பானைக்கு வாருங்கள். வரிசை மாறினாலே அளவு மாறும். குழம்பைச் சோறு மூழ்கும்படி "பஞ்சீர்" அடிக்கச் சொல்லாதீர்கள்.

கையில் என்ன கிளாஸ் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். தே தாரிக்குக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங். முதல் வாரம் வைக்கோல் தண்ணீர் மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் தேயிலையின் ருசி தெரிய ஆரம்பிக்கும். ராத்திரி ஷிஃப்டில் மருந்து நேரம் எப்படி மாற வேண்டும் என்று மட்டும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

கோயில் திருவிழாச் சந்தையில் பாவக்காய்க் கேப்சூல் வாங்கினேன். "இனிப்பு நீரை வேரோடு அறுக்கும்" என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், தெலுக் இந்தான்

அந்த வரியே போதும், வைத்துவிட்டு வந்திருக்கலாம். இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. டப்பாவில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் குப்பையில் போடுங்கள். இருந்தாலும் அது பதிவு செய்யப்பட்ட பொருள் என்றுதான் அர்த்தம், நோயை அறுக்கும் என்று அர்த்தமில்லை. அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மறைத்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து.

பந்தலில் பிஞ்சு நிறைய விடுகிறது. விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி அழுகி, உள்ளே புழு. என்ன மருந்து அடிக்கலாம்?
— வாசகி, பெஸ்தாரி ஜெயா

மருந்து வேண்டாம், பழைய பேப்பர் போதும். பழ ஈ பிஞ்சைக் குத்தி முட்டை வைப்பதால் வருவது அது. பூ உதிர்ந்து பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் நாளிதழைக் குழாய் மாதிரிச் சுருட்டிப் போர்த்தி, மேல் வாயைக் காம்போடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். கீழ் வாய் திறந்திருக்கட்டும், காய் இறங்கி வளரும். விழுந்த புழுக்காயைப் பந்தலுக்கடியில் விடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். நான் இந்தப் பத்திரிகையின் பழைய இதழில்தான் சுற்றுகிறேன். போன வாரம் பறித்த காய் ஒன்றின் மேல் என் படமே மை ஒட்டிக்கொண்டு வந்தது. அலசிவிட்டுத்தான் நறுக்கினேன்.